ஊருணிக்கு வாய் எங்கே என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்து ஊருணிகளையும் பொட்டல்களையும் அழகுபடுத்தப் போகிறார்கள் என்று போன வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். நடைபாதை, வண்ண விளக்கு, இரும்புக் கம்பி வேலி, உட்கார பெஞ்சு என்று என்னென்ன வரப்போகிறது என்பதெல்லாம் விவரமாக இருந்தது. மழை பெய்தால் அந்த ஊருணிக்குள் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று ஒரு வரிகூட இல்லை. அது இல்லாததால்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இந்த அழகுபடுத்தல் எங்கள் ஊரில் மூன்று வருடத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது, அதன் பலனை நாங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊருணி ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். நாலு பக்கமும் செம்பாறாங்கல் கட்டு, கிழக்கே படித்துறை, வடமேற்கு மூலையில் மழைத்தண்ணீரை உள்ளே கொண்டுவருகிற வரத்துக்கால். நான் சிறுவனாக இருந்தபோது ஊருக்கே குடிக்கத் தண்ணீர் இதுதான். செருப்போடு யாரும் இறங்க மாட்டார்கள், மாட்டை அந்தப் பக்கமே ஓட்ட மாட்டார்கள், மாட்டுக்கு ஊருக்கு மேற்கே தனியாக ஒரு குளம் இருந்தது. என் அம்மா குடத்து வாயில் வெள்ளைத்துணி போட்டு வடிகட்டி எடுத்துவந்து, மண்பானையின் உட்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை நன்றாக உரைத்துவிட்டு அதில் ஊற்றி வைப்பாள். காலையில் பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து மேலே கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். அந்த ருசி இப்போது கேன் தண்ணீர் குடிக்கிற என் பேரனுக்குத் தெரியாது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை, வீட்டுக்கு வீடு குழாய் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் ஊருணி நிறைந்திருந்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் தண்ணீர் நிற்கும், நிறையாவிட்டால் பங்குனியிலேயே கிணற்றில் கயிறு தரை தட்டும். அது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். கரையைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் பேவர் பிளாக் பதித்தார்கள், அதற்கு வெளியே கம்பி வேலி, ஒரு கேட், கேட்டுக்குப் பூட்டு. வடமேற்கு மூலையில் வரத்துக்கால் வந்து சேர்கிற இடம் நடைபாதைக்குக் குறுக்கே வந்தது. மூன்று கல் அகலத்துக்குத் திறந்திருந்த வாய் அது, அதற்கு முன்னால் வண்டல் தங்குவதற்கென்றே ஒரு குழி, குழியில் மண் படிந்து தெளிந்த தண்ணீர்தான் கல் மேல் வழிந்து உள்ளே இறங்கும். அந்தக் குழியை மூடி, வாயை அடைத்து, அதற்குப் பதிலாக நாலு அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் புதைத்துவிட்டு மேலே பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் ஐப்பசி முதல் மழையிலேயே வேப்பிலையும் பாலிதீன் பையும் போய் அந்தக் குழாயை அடைத்துக்கொண்டன. காலங்காலமாக ஊருணிக்குள் போன தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் வந்தது, தாழ்வான நாலு வீடுகளுக்குள் முழங்கால் அளவு நின்றது. ஊருணிக்குள் எட்டிப் பார்த்தால் நேராக வானத்திலிருந்து விழுந்த மழை மட்டும் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது, சுற்றி வண்ண விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் தெருவில் உள்ள பெரிய வீடு ஒன்றின் ஓட்டுக்கூரை 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 50,000 லிட்டர் இறங்கும். அப்படி இருபது வீடு இருந்தால் பத்து லட்சம் லிட்டர். தெருவில் விழுகிறது, பொட்டலில் விழுகிறது எல்லாம் தனி. ஒரு ஏக்கர் ஊருணி பத்தடி ஆழம் நிறைய வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர் வேண்டும். அவ்வளவையும் ஒரு நாலு அங்குலக் குழாயை நம்பி விட்டிருக்கிறோம்.

பொறியாளரை நான் குறை சொல்ல வரவில்லை. அவரிடம் சுவரும் பாதையும் விளக்கும் கேட்டார்கள், அதை அவர் உறுதியாகவே கட்டிக்கொடுத்தார், பேவர் பிளாக் ஒன்றுகூட இன்றுவரை பெயரவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மரத்தடியில் யார் உட்காருகிறார்கள், எந்த மாதம் யார் இந்தப் படியில் இறங்குகிறார்கள் என்று கேட்பதற்கு எஸ்டிமேட்டில் ஆளே இல்லை. அந்த ஆள் யார் என்று எனக்கே தெரியாமல்தான் இருந்தது, என் அக்கா மகள் வந்து சொல்லும்வரை.

அவள் கட்டடக்கலை படித்துவிட்டு, மேல்படிப்பாக லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படித்தவள். தமிழில் நிலவடிவமைப்பு என்று சொல்லலாம். வீட்டில் யார் கேட்டாலும் "தோட்டம் போடுற படிப்பு" என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், நல்ல மழையில் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். மழை வெறித்து நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு சந்திலும் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறாள், சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கரிக்கட்டியால் ஒரு கோடு இழுக்கிறாள், போனில் படம் எடுக்கிறாள். எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று, "என்னத்தா பாக்குறே, எதையும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார்கள். "இல்லை ஆச்சி, தண்ணி எங்கே போகுதுன்னு பாக்குறேன்" என்றாள். ஆச்சி உடனே, "முன்னெல்லாம் இந்தத் தண்ணி இங்கே நிக்கவே நிக்காது, வாட்டம் பாத்துத்தான் தெருவே போட்டாக, கல்லுக் கால்வாயில போயி ஊருணியில விழுகும்" என்று கையால் காட்டிச் சொன்னார்கள். ஊருணிக்கரைக்கு வந்து மூலையைப் பார்த்தவள் சொன்னாள்: "மாமா, ஊருணியில ஒரு குறையும் இல்லை. வாயை மூடிட்டாங்க, அவ்வளவுதான்."

அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இந்தத் தொழிலுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நியூயார்க்கில் இருக்கிற சென்ட்ரல் பார்க்குக்கு 1858இல் வரைபடம் போட்டவர்களில் ஒருவர் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட். அதற்கு முன் விவசாயம் பார்த்தவர், பத்திரிகைக்கு எழுதியவர். பாஸ்டன் நகரத்தில் சாக்கடை கலந்து நாறிக்கிடந்த ஒரு கழிமுகச் சதுப்பை அவர் கையில் கொடுத்தபோது, வெள்ளமும் அடங்க வேண்டும், மக்களும் வந்து நடக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே வேலையாக எடுத்து, நகரப் பொறியாளர்களோடு உட்கார்ந்து செய்தார். அதாவது தொடக்கத்திலேயே இது பூச்செடி வைக்கிற வேலையாக இருக்கவில்லை. தண்ணீர், மண், மரம், மக்கள் நாலையும் சேர்த்து ஒரு இடத்தை யோசிக்கிற வேலை.

அவள் சொன்னவர்களில் என் மனசில் நின்றவர் சீனாவின் கோங்ஜியான் யூ. செஜியாங் மாகாணத்தில் ஒரு விவசாயக் கிராமத்தில் வளர்ந்தவர். மழைநீரைக் குழாய் போட்டு அவசரமாக விரட்டாதீர்கள், நகரமே பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளட்டும், குளமும் தாழ்நிலமும் புல்லும் அந்த வேலையைச் செய்யும் என்று விடாமல் சொல்லிவந்தார். 2013க்குப் பிறகு அந்த நாட்டு அரசே ஸ்பாஞ்ச் நகரம் என்று பெயர் வைத்துத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 2025 செப்டம்பரில் பிரேசிலில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். சின்ன வயதில் கிராமத்தில் குளத்தையும் வாய்க்காலையும் பார்த்துக் கற்றதைத்தான் அவர் பெரிய நகரங்களுக்குக் கொண்டுபோனார் என்று அவள் சொன்னபோது எனக்கு எதிர்வீட்டு ஆச்சி கையைக் காட்டியதுதான் ஞாபகம் வந்தது.

செட்டிநாட்டில் இதை யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் வருத்தம். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதிலும் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் சில மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும், வற்றாத ஆறு ஒன்று கிடையாது, மண்ணோ செம்பாறை. இந்த வானம் பார்த்த பூமியில் ஊர் அமைத்தவர்கள் வீட்டை மட்டும் கட்டவில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் எங்கே போய்ப் பார்த்தாலும் நேர் நேரான தெரு. கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, கொஞ்சம் கிணற்றுக்கும் மிச்சம் தெருக் கால்வாய்க்கும் போகும். கால்வாய் ஊருணிக்கு, ஊருணி நிறைந்தால் மிச்சம் கண்மாய்க்கு. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தபோது, மாளிகையோடு சேர்த்து ஊர் அமைப்பையும் இந்தத் தண்ணீர் ஏற்பாட்டையும்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு நாம் தேக்குத்தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். வெளியே வந்தால் கால்வாய் மேல் சிமெண்டு ரோடு, ரோட்டு மேல் இன்னொரு ரோடு, திண்ணை தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. அதைவிட நூறு வருடம் முன்னாலேயே ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துச் செய்து வைத்திருந்த சேகரிப்பை நாம் சிமெண்டுப் பூச்சுக்கு அடியில் புதைத்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீரோடு விஷயம் முடியவில்லை. எங்கள் ஊரில் பங்குனியில் முளைப்பாரி எடுப்பார்கள். பத்து நாள் இருட்டறையில் வளர்த்த முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு, கும்மி கொட்டி, ஊரைச் சுற்றி வந்து, பொழுது சாயும் நேரத்தில் ஊருணியில் கரைப்பது வழக்கம். வேலி போட்ட முதல் வருடம், ஐம்பது அறுபது பெண்கள் தலையில் பாரியோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். முக்கால் மணி நேரம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், எழுபது வயது பாட்டியும் இருந்தார். கடைசியில் இளவட்டங்கள் பூட்டை உடைத்தார்கள். உள்ளே போனால் பழைய படித்துறை மேல் வழுவழுப்பான டைல்ஸ். ஒரு பெண் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான், ஆனால் அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்தப் படித்துறை அந்தத் திசையில், அந்த அகலத்தில் இருந்தது. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும், குறிப்பாகப் பெண்களைக் கேட்டிருந்தால், இதை ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது நிலவடிவமைப்பாளரின் வேலையில் முதல் பாடம் என்று என் அக்கா மகள் சொல்கிறாள்.

பொட்டலும் அப்படித்தான். வெறும் இடம் கிடக்கிறதே என்று நினைக்கிறார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பொட்டல் என்பது வெறும் இடம் கிடையாது, வருடம் முழுவதும் வெறுமையாக இருந்தால்தான் அந்த நாளில் அது நிறையும். எங்கள் ஊர்ப் பொட்டலில் சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அறுப்புக் காலத்தில் நெல் காய்கிறது, பெரிய மழையில் தண்ணீர் இரண்டு நாள் தேங்கி நின்று மெதுவாக இறங்குகிறது. அங்கே நட்ட நடுவில் நீரூற்றும் சிலையும் வைத்துப் பூங்கா என்று போர்டு மாட்டினால் இந்த மூன்றுக்கும் இடம் போய்விடும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஊருணிக்கரையில் நின்ற இரண்டு நாவல், ஒரு மருது, பழைய ஆலமரம் ஒன்று, இவற்றில் ஆலமரம் மட்டும் கோயிலுக்குச் சொந்தம் என்பதால் தப்பித்தது. மற்றவற்றை நடைபாதைக்காக எடுத்துவிட்டு, வேலி ஓரமாக வரிசையாகக் கோனோகார்பஸ் வைத்தார்கள், ஊரில் துபாய் மரம் என்பார்கள். சீக்கிரம் வளர்ந்தது, பச்சைப் பசேலென்று இருந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். 2025இல் தமிழக அரசே அந்த மரத்தை இனி நடக்கூடாது என்று தடை போட்டுவிட்டது. இப்போது இருப்பதை வெட்ட வேண்டும், வெட்டினால் கரையில் நிழலே இல்லை. நாவலும் மருதும் திரும்ப அந்த உயரம் வர என் ஆயுசு போதாது. இந்த மண்ணுக்கு எது நிற்கும் என்று எங்கள் ஊர்ப் பெயர்களே சொல்கின்றன. காரைச் செடி நின்றதால் காரைக்குடி என்பார்கள், இலுப்பைக்குடியின் பெயரில் இலுப்பை இருக்கிறது. வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம் என்று நாற்றுப்பண்ணையில் கேட்டால் கிடைக்கிற மரங்கள்தானே எல்லாம்.

இதே சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அறிவித்தது. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டுகிற நேரத்தில்தான் தீபாவளி வரும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவை மிரண்டுவிடும் என்று. அங்கே வேலியும் வண்ண விளக்கும் செய்யாத காரியத்தை ஊர்க் கட்டுப்பாடு செய்கிறது. ஒரு இடத்தை வடிவமைக்க வருகிறவருக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்மாயின் ஆழத்தை அளக்கிற மாதிரி இதையும் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? டெல்லியில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியிலும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. இந்திய நிலவடிவமைப்பாளர்கள் சங்கம் என்று 2003இல் தொடங்கிய ஒரு அமைப்பும் இருக்கிறது. ஆனால் 1972ஆம் வருடச் சட்டம் கட்டடக்கலைஞர்களுக்குப் பதிவு முறை வைத்திருக்கிறதே தவிர, இந்தத் தொழிலுக்கென்று தனிப் பதிவு கிடையாது, அதனால் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரும் புல்தரை போடுகிறவரும் எல்லாரும் ஒரே பெயரில் வந்துவிடுகிறார்கள், டெண்டரிலும் இதற்கு ஒரு இடம் இல்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. வருகிற பத்து வருடத்தில் எத்தனை கண்மாய்க்கரையிலும் ஊருணிக்கரையிலும் கை வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மாநகராட்சியில் ஒரே ஒரு நிலவடிவமைப்பாளரையாவது வேலைக்கு எடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு ஊருணி வேலைக்கும் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் ஒருவரை அழைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் வந்து லெவல் எடுத்துவிட்டுப் போனால் வரத்துக்கால் வெறும் பள்ளமாகத்தான் தெரியும். பேவர் பிளாக்குக்கு ஆகிற செலவில் சின்னப் பங்குகூட இதற்கு ஆகாது.

தங்கள் நிருபரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்கிற அன்று, செய்தியில் வந்த ஊருணிகளில் ஏதாவது ஒன்றுக்குப் போய், தண்ணீர் உள்ளே வருகிற இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு படம், முடிந்த பிறகு அடுத்த வருட மழையில் ஒரு படம்.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை, என் அக்கா மகள் அன்று எடுத்த படங்களையும் கரிக்கோடுகளையும் வைத்து ஊர்த் தண்ணீர் போகும் வழியைப் பெரிய தாளில் வரைந்து அனுப்பியிருந்தாள். அதைச் சாவடிச் சுவரில் ஒட்டி வைத்தோம். முதல் இரண்டு நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக வந்து நின்று, இந்தக் கால்வாய் இங்கே இல்லை, புளியமரத்துக்குத் தெற்கே, இந்த வீட்டுக்கு அடியில் ஒரு கல் மதகு இருக்கிறது, எங்க ஐயா காலத்தில் நான் அதற்குள் பூந்து விளையாடியிருக்கிறேன் என்று பென்சிலால் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது அந்தத் தாளில் அவள் போட்ட கோட்டைவிட ஊர்க்காரர்கள் போட்ட கோடுதான் அதிகம். அக்டோபர் 2 கிராம சபையில் அந்தத் தாளையே மனுவோடு இணைத்துக் கொடுக்கப் போகிறோம். கேட்பது இரண்டே இரண்டு. அந்த நாலு அங்குலக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு வாயைப் பழைய மூன்று கல் அகலத்துக்குத் திறந்துவிட வேண்டும், முன்னால் வண்டல் குழியும் வேண்டும். நடைபாதை அந்த இடத்தில் ஒரு கல் பலகையாகத் தாண்டிப் போகட்டும். படித்துறைப் பக்கம் கேட்டுக்குப் பூட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
ஊருணிக்கரைத் தெருவாசி ஒருவர்,
காரைக்குடி வட்டம்.